ஊசி தள்ளும் இலக்கு

ஆய்வகத்தில் என் வேலை ஊசி குத்துவது. மோட்டாரால் நகரும் தாங்கியில் ஊசியைப் பூட்டி, அதன் பின்னால் விசையை அளக்கும் சென்சாரை வைத்து, ஜெலட்டினிலும் விலங்குகளின் கல்லீரலிலும் செலுத்துகிறேன். விசை ஏறி இறங்குவதைக் காட்டித் திரையில் ஓடும் அந்த ஒற்றைக் கோட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஊசி முனை பட்டதுமே கல்லீரல் கிழிந்துவிடுவதில்லை. மேலுறை குழிந்து, முனையோடு சேர்ந்து கீழே போகிறது. விசைக்கோடு முதலில் மெதுவாகவும் பிறகு செங்குத்தாகவும் ஏறுகிறது. திடீரென்று ஒரு சரிவு: உறை கிழிந்துவிட்டது. அதுவரை அமுங்கிக் கிடந்த திசு ஊசித்தண்டின் மீதே மேலேறித் திரும்புகிறது. மோட்டார் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் திசுவைப் பொறுத்தவரை முனை ஒரே பாய்ச்சலில் ஆழத்துக்குப் போய்விட்டது. மருத்துவரின் விரல்கள் உணரும் அந்த 'பொட்' இதுதான்.

பிறகு முனையில் வெட்டுவிசை, தண்டு நெடுக உராய்வு. 2004-இல் வெளியான ஆய்வில் ரோபோ ஆய்வாளர் அலிசன் ஒகமுராவும் உடன் ஆய்வாளர்களும் பசுவின் கல்லீரலில் சோதித்து, உறையின் விறைப்பு, உராய்வு, வெட்டு என்று மொத்த விசையை மூன்றாகப் பிரித்தார்கள். உராய்வைப் பிரித்தெடுக்கும் ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதே துளையில் இரண்டாம் முறை ஊசியை விட்டால் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. மிஞ்சுவது உராய்வு மட்டுமே. முதல் அளவிலிருந்து அதைக் கழித்துவிடலாம்.

சோதனைக்காகத் திசு எடுக்கும் பயாப்ஸி ஊசி இலக்கைத் தவறவிட்டால் பழி மருத்துவரின் கைக்குத்தான் போகிறது. இது நியாயமில்லை. சில மில்லிமீட்டர் கட்டியை நோக்கி ஊசி போகும்போது சுற்றியுள்ள திசுவோடு கட்டியும் தள்ளப்படுகிறது. புராஸ்டேட் சுரப்பி நகர்வதோடு திரும்பவும் செய்கிறது. கல்லீரல் மூச்சுக்கு மூச்சு இடம் மாறுகிறது. குறி பார்த்தபோது இருந்த இடத்தில் இலக்கு இல்லை. இதைக் குறைக்க வேகம் உதவும்: உறையைச் சட்டென்று துளைத்தால் திசு அதிகம் குழிவதற்குள் கிழிந்துவிடும். ஊசியை இருபுறமும் மாறி மாறிச் சுழற்றினால் உராய்வின் இழுப்பு குறையும். ஒரே பக்கமாகச் சுழற்றிக்கொண்டே போனால் திசு சேதமாகலாம். அதை நான் ஆதரிக்கமாட்டேன்.

முனை ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருந்தால் இன்னொரு சிக்கல். சாய்ந்த முகத்தைத் திசு எதிர்த்துத் தள்ள, ஊசி அதற்கு மறுபக்கமாக வளைகிறது. முன்சக்கரத்தைக் கோணலாகப் பூட்டிவிட்ட சைக்கிளைப் போல, மெல்லிய ஊசி வில்லாக வளைந்தே போகும். அடியில் பிடித்து அரைச்சுற்று திருப்பினால் வளைவு மறுபக்கம் மாறும். எலும்பையோ ரத்தக்குழாயையோ சுற்றிக்கொண்டு இலக்கை அடையும் ஊசிகளை இந்த வளைவை வைத்தே உருவாக்க முயல்கிறார்கள். ஜெலட்டினில் வளைவு ஒரே சீராக வருகிறது. கொழுப்பு, தசை, உறை என்று அடுக்கு மாறும் இடங்களில் அது மாறிவிடுகிறது. என் அளவீடுகள் இப்போது அங்கேதான் நடக்கின்றன.