ஷார்த்ர் பேராலயத்தின் மறைக்கப்படாத வானம்

பிரான்சின் ஷார்த்ர் நகரத்துப் பேராலயத்தில், தெற்குக் குறுக்குக்கூடத்தின் மேற்குப் பக்கத்துத் தரையில், சுற்றியுள்ள கற்களின் வரிசைக்கு ஒத்துப்போகாமல் சாய்வாகப் பதித்த வெளிர்நிறக் கல் ஒன்று இருக்கிறது. அதில் ஓர் உலோகக் குமிழ் அறையப்பட்டிருக்கிறது. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில், சூரியன் உச்சிக்கு வரும் வேளையில், அதாவது இன்றைய கோடை நேரக் கடிகாரத்தில் பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்னர், புனித அப்பொலினாரிஸ் சாளரத்தின் வண்ணக்கண்ணாடியில் விடப்பட்ட சிறு திறப்பு வழியாக ஓர் ஒளிப்பொட்டு இறங்கி அந்தக் குமிழைத் தொடுகிறது. இதைக் காண ஆண்டுதோறும் கூட்டம் கூடுகிறது. இணையத்தில் இதுபற்றி வரும் காணொளிகள் பெரும்பாலும் ஒரே தொனியில் பேசுகின்றன: இடைக்காலக் கொத்தர்கள் தங்கள் ரகசிய ஞானத்தைக் கல்லில் ஒளித்துவைத்தார்களாம், எண்ணூறு ஆண்டுகள் கழித்து நாம்தான் அதைக் கண்டுபிடித்தோமாம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பெயரும் ஆண்டும் தெரிந்தே இருக்கின்றன. 1701இல் அந்தப் பேராலயத்தின் குருமார் குழுவைச் சேர்ந்த க்ளோத் எத்தியென் என்பவர் செய்வித்த நண்பகல் குறி இது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பல பெரிய தேவாலயங்களில் இத்தகைய குறிகள் பதிக்கப்பட்டன. அன்றைய படித்த குருமாருக்கு இது ஒரு மதிப்புக்குரிய அறிவியல் பொழுதுபோக்கு. ஒளிப்பொட்டு உண்மையானது, கணக்கும் துல்லியமானது, ஆனால் அது இடைக்காலத்தைச் சேர்ந்ததல்ல.

1960களில் வெளிவந்து நன்றாக விற்ற ஒரு பிரெஞ்சு நூல் இந்தக் குமிழைப் பெரிய மர்மமாக்கியதோடு நில்லாமல், வட பிரான்சில் மாதாவுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பேராலயங்கள் சேர்ந்து தரையில் கன்னி ராசியை வரைகின்றன என்றும் சொன்னது. ஷார்த்ர், ரெய்ம்ஸ், அமியான், பாயோ, எவ்ரோ ஆகிய ஊர்கள் ராசியின் நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்று, நம் பஞ்சாங்கம் சித்திரை என்று அழைக்கும் ஒளிமிக்க நட்சத்திரம். கன்னி ராசிக்கும் கன்னி மரியாளுக்கும் இருக்கும் பொருத்தம் மனத்தை மயக்கக்கூடியதுதான். ஆனால் இந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கொத்தர்கள் அல்லர். இவை ரோமானியர் காலத்திலேயே வட்டாரத் தலைநகரங்களாக இருந்தவை: ஷார்த்ர் கார்னூத் இனத்தாரின் ஊர், அமியான் அம்பியானி இனத்தாரின் ஊர், ரெய்ம்ஸ் ரெமி இனத்தாரின் ஊர். கிறிஸ்தவம் பரவியபோது ஆயர்கள் இந்தத் தலைநகரங்களில் அமர்ந்தார்கள்; ஆயர் இருந்த இடத்தில் பேராலயம் எழுந்தது. எப்போது புதிதாகக் கட்டுவது என்பதையும் பெரும்பாலும் தீயே முடிவு செய்தது. ஷார்த்ர் 1194இலும், ரெய்ம்ஸ் 1210இலும், அமியான் 1218இலும் எரிந்தன. எரிந்த பிறகே இன்று நாம் பார்க்கும் கட்டடங்கள் எழும்பின. வரைபடத்தில் எந்தப் புள்ளியைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற உரிமை நம் கையில் இருக்கும்வரை, கன்னி என்ன, விருச்சிகத்தையும் வரைந்து காட்டிவிடலாம்.

இத்தனை தேடலுக்கு நடுவே, ஷார்த்ரில் யாரும் ஒளித்துவைக்காத வானம் வாசற்படியிலேயே நிற்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. மேற்கு முகப்பிலுள்ள ராஜவாயில் 1145ஐ ஒட்டித் தொடங்கிய வேலை; 1194ஆம் ஆண்டுத் தீயிலும் அது தப்பியது. அதன் மூன்று கதவுகளில் இடப்பக்கத்துக் கதவின் மேல், கிறிஸ்து விண்ணேறும் சிற்பத்தைச் சுற்றி வளைந்து செல்லும் கற்களில் ராசிச் சின்னங்களும் அந்தந்த மாதத்து வேலைகளும் மாறி மாறிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிப்ரவரிக்கு ஒருவன் குளிர்காய்கிறான், மார்ச்சுக்கு ஒருவன் திராட்சைக்கொடியைக் கவாத்து செய்கிறான், ஜூலைக்கு ஒருவன் கதிர் அறுக்கிறான். எழுத்தறியாத விவசாயியும் அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும் நாட்காட்டி இது.

சற்று நிதானித்து எண்ணினால் அந்த வளைவில் பத்து ராசிகளே இருப்பது தெரியும். மிதுனமும் மீனமும் அங்கே இல்லை. அவை வலப்பக்கத்துக் கதவின் வளைவில், இடைக்காலக் கல்வியின் ஏழு கலைகளின் உருவங்களோடு ஒண்டிக்கொண்டிருக்கின்றன. இதற்கும் ஆழமான உட்பொருள் கற்பிப்பவர்கள் உண்டு. இடம் போதவில்லை என்பதுதான் கலை வரலாற்றாளர்களின் வழக்கமான விளக்கம், எனக்கும் அது போதும். செதுக்கி முடித்த கல்லை வீணாக்க மனமில்லாத ஒரு மேஸ்திரி, கிடைத்த இடத்தில் அதைப் பொருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார் என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த வலக்கதவின் கலைகளில் வானியலும் ஒன்று. வானியல் என்ற பெண்ணுருவுக்குக் கீழே அமர்ந்திருப்பவரைப் பண்டைய வானியலாளர் தாலமி என்று பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். அன்றைக்கு ஷார்த்ரின் பேராலயப் பள்ளி கணிதத்துக்கும் வானியலுக்கும் பெயர்பெற்றது. இந்தப் படிப்பு அலங்காரத்துக்கானது அல்ல. வசந்தகாலச் சம இரவு நாளாக வைத்துக்கொண்ட மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பதால், சூரியன், சந்திரன், வாரம் ஆகிய மூன்றையும் இணைத்துக் கணக்கிடத் தெரிந்தவர்கள் திருச்சபைக்குத் தேவைப்பட்டார்கள். உள்ளே தெற்குப் பக்கச் சுற்றுப்பாதையிலும் 1217ஐ ஒட்டிச் செய்த ராசிச் சாளரம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் போரில் மாண்ட பெர்ஷ் பிரபு தோமாவின் நினைவாக ஷார்த்ர் பிரபு திபோ அளித்தது. மாதங்களும் ராசிகளும் இணை இணையாக மேலேறிச் செல்ல, உச்சியில் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். காலம் முழுவதும் அவருக்குக் கீழ் என்பதுதான் செய்தி. அதில் பூடகம் ஏதுமில்லை.

சரி, கட்டடத்தின் திசை? தேவாலயங்கள் கிழக்கு நோக்க வேண்டும் என்பது பழைய மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மாந்த் நகர ஆயராக இருந்த துராந்துஸ், சம இரவு நாளில் சூரியன் உதிக்கும் திசையை நோக்கியே கட்ட வேண்டும், சிலர் செய்வதுபோல் கோடைத் திருப்பத்து உதயத்தை, அதாவது ஆண்டின் மிக நீண்ட பகலின் உதயத்தை, நோக்கிக் கட்டக்கூடாது என்று எழுதிவைத்தார். ‘சிலர் செய்வதுபோல்’ என்ற சொற்களிலிருந்தே, வழக்கம் ஒரே சீராக இல்லை என்பது தெரிகிறது. ஷார்த்ரின் அச்சு இந்த இரண்டிலும் சேராது. அது கிழக்கிலிருந்து நாற்பது பாகைக்கும் மேலாக வடக்கே விலகியிருக்கிறது. அந்த அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட நாளில்கூடச் சூரியன் கிழக்கிலிருந்து சுமார் 37 பாகை வடக்கே மட்டுமே உதிக்கும். ஆகவே எந்த நாளிலும் உதயசூரியன் அந்த அச்சில் வருவதில்லை. பதினோராம் நூற்றாண்டில் கட்டிய நிலவறை தீயில் தப்பியதால், அதன் அடித்தளத்தையே பின்பற்றிப் புதிய பேராலயம் எழும்பியது என்பதே நேரான காரணம். வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தின் கதை வேறு: 1137இல் அவருடைய திருநாளான டிசம்பர் 26 அன்று சூரியன் உதித்த திசையை அதன் அச்சு நோக்குகிறது என்று அந்நகர வானியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1137 என்பது அந்த ஆலயத்தின் தொடக்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் ஆண்டு என்பதால், இதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன்.

என்னை உண்மையாகவே யோசிக்க வைப்பது பர்கண்டியில் உள்ள வெஸலே. அது பேராலயம் அல்ல, மகதலா மரியாளின் மடத்துக் கோவில். 1120ஆம் ஆண்டுத் தீக்குப் பின்னர் எழுந்த ரோமனெஸ்க் பாணி நடுக்கூடம் அதற்கு உண்டு. கோடைத் திருப்பத்தை ஒட்டிய நாட்களில், நண்பகல் வேளையில், தெற்குச் சுவரின் மேல்வரிசைச் சாளரங்கள் வழியே வரும் ஒளி, நடுக்கூடத் தரையின் மையக் கோட்டில் வரிசையாகப் பொட்டுகளை இட்டுப் பீடம் வரை ஒரு நடைபாதையைப் போடுகிறது. அங்கிருந்த பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் 1976இல் இதைக் கவனித்த பிறகே உலகுக்குத் தெரியவந்தது.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெஸலேயின் அட்சரேகை ஏறக்குறைய நாற்பத்தேழரை பாகை. கோடைத் திருப்ப நண்பகலில் அங்கே சூரியன் 66 பாகை உயரத்தில் நிற்கும். ஒளி மையக் கோட்டில் விழவேண்டுமானால், கூடத்தின் பாதி அகலத்தைப்போல் தோராயமாக இரண்டேகால் மடங்கு உயரத்தில் சாளரம் அமைய வேண்டும். இது தற்செயலாகவும் அமையக்கூடிய விகிதம்தான். தெற்கே உயரச் சாளரங்கள் கொண்ட எந்தக் கோவிலிலும் இப்படி ஒரு ஒளிவரிசை உருவாகி ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகரும். வெஸலேயின் சிறப்பு, அந்த வரிசை சாளரச் சுவருக்கு மிக நெருங்கி வந்து திரும்பும் எல்லைக்கோடு, கூடத்தின் மையக்கோடாகவே இருப்பது.

இன்னொரு கணக்கும் உண்டு. பழைய ஜூலியன் நாட்காட்டி சூரியனோடு மெல்ல மெல்ல ஒத்துப்போகாமல் விலகிவந்ததால், 1130களில் உண்மையான கோடைத் திருப்பம் ஜூன் 14 அல்லது 15 அன்றே வந்துவிட்டது. திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழாவான ஜூன் 24 அதற்குப் பத்து நாள் பிந்தியது. அப்படியென்றால் விழா நாளில் ஒளிப்பாதை கலைந்திருக்குமா? கலைந்திருக்காது. திருப்பத்தை ஒட்டிச் சூரியன் ஏறக்குறைய அசையாமலே நிற்பதால், சாளரம் 11 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பத்து நாளில் தரையிலுள்ள பொட்டு எட்டு சென்டிமீட்டர்கூட நகராது. அதாவது அரைச் சாண்கூட இல்லை. அந்தக் கோவிலின் உள்வாயிலில், நடுத்தூணில் நின்று வருபவர்களை எதிர்கொள்பவர் இதே யோவான்தான். அவர் தலைக்கு மேலிருக்கும் அரைவட்டச் சிற்பத்தைச் சுற்றி ராசிகளும் மாதங்களும் வட்டங்களுக்குள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ‘அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்’ என்று யோவான் சொன்ன வாக்கை, அவர் பிறப்பிலிருந்து பகல் குறைவதோடும் கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து பகல் வளர்வதோடும் பொருத்திச் சொல்வது திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் காலத்திலிருந்தே வழங்கிய விளக்கம். கட்டியவர்கள் எழுதிவைத்த சான்று ஏதும் நம் கையில் இல்லாததால், ‘திட்டமிட்டது’ என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒளியும் சிற்பமும் விழாவும் ஒரே திசையைக் காட்டும்போது, கன்னி ராசி வரைபடத்தை ஒதுக்கித் தள்ளிய அதே வேகத்தில் இதையும் தள்ளிவிட முடியவில்லை.

ஸ்ட்ராஸ்பூர் பேராலயத்துப் பச்சை ஒளியைப் பற்றி இரண்டு வரி போதும். சம இரவு நாட்களில், சாளரத்திலுள்ள யூதாவின் பாதத்துப் பச்சைக் கண்ணாடி வழியே வரும் கதிர், 1485ஆம் ஆண்டின் பிரசங்க மேடையிலுள்ள சிலுவைநாதர்மேல் பட்டுவந்தது 1970களில் கவனிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சாளரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேலை.

திருச்சபை உண்மையாகவே சூரியனைக் கோவிலுக்குள் வரவழைத்தபோது அதை ஒளித்துவைக்கவில்லை, எண்களோடு ஊரறியச் செய்தது. 1390இல் தொடங்கிய கோதிக் கோவிலான, இத்தாலியின் போலோன்யா நகரத்துச் சான் பெத்ரோனியோவில், 1576இல் எக்னாத்சியோ தாந்தி என்ற துறவி நண்பகலில் சூரிய ஒளிப்பொட்டு கடந்துசெல்லும் முதல் நண்பகல் கோட்டினைத் தரையில் அமைத்தார்; வசந்தகாலச் சம இரவு நாட்காட்டிப்படி மார்ச் 11இலேயே வந்துவிடுகிறது என்பதை அதில் நேராகக் காணமுடிந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே போலோன்யாவில் பிறந்த பதின்மூன்றாம் கிரகோரி பாப்பரசர் நாட்காட்டியிலிருந்து பத்து நாட்களை நீக்கினார். பின்னர் கோவிலை விரிவாக்குவதற்காகச் சுவரை இடித்தபோது தாந்தியின் கோடு பயனற்றுப்போக, 1655இல் வானியலாளர் ஜியோவன்னி தொமேனிகோ கசீனி புதிய கோட்டைப் பதித்தார். ஒளி நுழையும் திறப்பு 27 மீட்டர் உயரத்தில். அதன் விட்டம் அந்த உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தரையிலுள்ள கோட்டின் நீளம் சுமார் 67 மீட்டர். கூடத்தின் தூண்களுக்கு இடையே இவ்வளவு நீண்ட நேர்கோடு இடிக்காமல் போகாது என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். தூண்களை ஒட்டி உரசிக்கொண்டு அது போகிறது.

அந்தக் கோட்டில் விழுந்த சூரியவட்டத்தின் அளவு ஆண்டு முழுவதும் எப்படி மாறுகிறது என்று கசீனி அளந்தார். சூரியன் சீரான வேகத்தில் சுற்றுகிறது என்ற பழைய கோட்பாடு எதிர்பார்த்த மாற்றத்தில் ஏறக்குறைய பாதிதான் தென்பட்டது. அந்த வேகம் உண்மையிலேயே மாறுகிறது என்ற கெப்ளரின் கணக்குப்படியும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் திருச்சபை கலிலேயோவுக்குத் தண்டனை விதித்து இருபத்திரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. போலோன்யாவோ பாப்பரசரின் ஆட்சிக்கு உட்பட்ட நகரம். அதற்குப் பிறகும் அங்கே அளவெடுப்பது நிற்கவில்லை. எண்பது ஆண்டு அளவீடுகளைத் தொகுத்து யூஸ்தாக்கியோ மான்ஃப்ரெதி 1736இல் நூலாகவே வெளியிட்டார்.