தெலே பி1: இரண்டாம் தடவை ஆங்கிலத்தை இடையில் வரவிடவில்லை

போன வாரம் தெலே (DELE) பி1 என்ற ஸ்பானிஷ் மொழிப் பரீட்சையின் பெறுபேறு வந்தது. ஆப்தோ, அதாவது சித்தி! தலவாக்கலை பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி போனில் பார்த்தேன். அம்மாவுக்கு எடுத்துச் சொல்லப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

இது இரண்டாவது முயற்சி. முதல் தடவை வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவில் 50க்கு 41. கேட்டலும் பேச்சும் சேர்ந்த பிரிவில் 26. அதில் 30 வராவிட்டால் மற்றதில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை, அந்த 41ஐ அடுத்த தடவைக்குக் கொண்டுபோகவும் முடியாது. கட்டணம், பயணம், மாதக்கணக்கான காத்திருப்பு எல்லாம் திரும்ப முதலில் இருந்து. எங்கள் வீட்டில் அந்தக் காசு எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பி1 எழுதப்போகிற மலையகத் தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன்.

நான் முதலில் சேர்ந்த வகுப்பில் ஆங்கிலம் வழியாகத்தான் ஸ்பானிஷ் சொல்லித் தந்தார்கள். ஆங்கிலம் சரியாக வராதவருக்கு இதுவும் வராது என்றார்கள். தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்த நான் அதை அப்படியே நம்பினேன். தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அதை ஸ்பானிஷுக்கு மாற்றுவேன். எழுத்தில் அதற்கு நேரம் கிடைத்தது. வாய்மொழியில் கிடைக்கவில்லை. மூன்றாம் பகுதியில் வந்த படத்தில் ஒரு பெண் நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தலை வலிக்கிறது, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆங்கில வாக்கியத்தைத் தேடிப் பிடித்து, அதை மாற்றப் போய், நடுவில் நின்றுவிட்டேன்.

ஸ்பானிஷில் அது 'லே துவேலே லா காபேசா'. லே என்றால் அவளுக்கு, துவேலே வலிக்கிறது, லா காபேசா தலை. தமிழ் வாக்கியமேதான், வினை மட்டும் முன்னால் வந்திருக்கிறது! வீட்டுக்கு வந்து இதைப் பார்த்தபோது உண்மையிலேயே கோபம் வந்தது. இரண்டு வருடம் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு கொப்பி வாங்கி, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஸ்பானிஷ் என்று எழுதத் தொடங்கினேன். அதிலிருந்து சில:

- எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும்: மே குஸ்தா எல் தே. 'தே' கூட நம்முடைய தேதான். ஆனால் பிடித்த பொருள் பன்மை என்றால் 'குஸ்தான்' ஆகும். தமிழில் 'பிடிக்கும்' மாறாது, அதனால் நாம் இதை மறப்போம்.
- நான் மாணவி: சோய் எஸ்தூதியாந்தே. நான் ஹட்டனில் இருக்கிறேன்: எஸ்தோய் என் ஹட்டன். சோய் என்பது செர் என்ற வினை, எஸ்தோய் என்பது எஸ்தார் என்ற வினை. தமிழில் 'இரு' வருகிற இடத்தில் பெரும்பாலும் எஸ்தார், எதுவும் வராத இடத்தில் செர். கல்யாணம் ஹட்டனில் 'நடக்கிறது' என்றால் செர்.
- வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான்' வேண்டாம். பேசுகிறேன் என்றாலே ஆள் தெரிகிறது, 'ஆப்லோ' என்றாலும் அப்படித்தான்.
- சின்ன வயதில் தாத்தாவோடு ஆற்றுக்குப் போவேன், ஒருநாள் வழுக்கி விழுந்தேன். 'போவேன்' என்பது இபா, 'விழுந்தேன்' என்பது மே காயீ. இரண்டு இறந்தகாலங்களுக்கும் பக்கம் பக்கமாக விதி எழுதி வைத்திருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தெளிந்துவிட்டது.

உச்சரிப்பிலும் இதே கதைதான். ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுத்தமான 'த'. ஸ்பானிஷின் 'ñ'க்கு நம்மிடம் ஞகரம் ஏற்கெனவே இருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். பள்ளியில் ரகர றகரத்துக்காகத் திட்டு வாங்கியவர்கள் இதை ஒரு நாளில் பிடித்துவிடுவார்கள்.

சொற்களும் கொஞ்சம் கைகொடுக்கும். போர்த்துக்கேயர் 1505இல் இந்தத் தீவுக்கு வந்தார்கள், அவர்கள் மொழியும் ஸ்பானிஷும் அக்கா தங்கை மாதிரி. நாம் சொல்லும் பாண் அங்கே பான், மேசை மேசா, சப்பாத்து சபாத்தோ, அலுமாரி ஆர்மாரியோ. ஆனால் கதிரையை நினைத்து 'காதேரா' என்று சொல்லிவிடாதீர்கள், ஸ்பானிஷில் அது இடுப்பு. 'பேனா' என்றால் கவலை.

கேட்டலில் என் புள்ளியைத் தின்றது மொழி இல்லை, பழக்கவழக்கம். ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பத்து மணிக்கு வரச் சொன்னார். நம் வீட்டில் அந்நேரம் எல்லோரும் தூங்கியிருப்போம். தவறாகக் கேட்டுவிட்டேன் என்று சரியான விடையை மாற்றினேன். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு, இரவு ஒன்பதுக்குப் பிறகு. சாப்பிட்டு முடித்தும் மேசையை விட்டு எழும்பாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிச் சொல்லே இருக்கிறது. ஒருவருக்கு அப்பா பெயர், அம்மா பெயர் என்று இரண்டு குடும்பப் பெயர்கள். இவற்றைப் பொது அறிவு என்று ஒதுக்காதீர்கள்.

இரண்டாம் தடவைக்கு முன் ஓகஸ்ட் முழுவதும் எல்லவில் அண்ணன் வேலை செய்யும் தங்குமிடத்தில் இருந்தேன். ஸ்பெயின்காரர் விடுமுறை எடுக்கும் மாதம் அது. நானுஓயாவில் ஏறினால் எல்ல வரும்வரை ரயிலில் யாராவது பேசக் கிடைப்பார்கள். அவர்களில் பலர் காபேசாவின் 'சா'வைப் பல்லிடுக்கில் நாக்கை வைத்துச் சொன்னார்கள். லத்தீன் அமெரிக்காவில் அது வெறும் 'சா'. பரீட்சையில் இரண்டும் வரும், காது பழகியிருக்க வேண்டும்.

வாய்மொழியில் இந்தத் தடவை வேலை பற்றிய தலைப்பை எடுத்தேன். மனப்பாடம் செய்த எதையும் தொடவில்லை. அம்மா கொழுந்து பறிப்பதைச் சொன்னேன்: தோஸ் ஓஹாஸ் இ உன் ப்ரோத்தே, இரண்டு இலையும் ஒரு மொட்டும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள் என்பதை 'மெதியோ ஹோர்னால்' என்று விளக்கினேன். பரீட்சகர் பேனையைக் கீழே வைத்துவிட்டு மேலும் கேட்டார். நானும் நிற்காமல் சொன்னேன்.

போகிறவர்களுக்கு:

- தயார் செய்யத் தரும் 15 நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். பத்துச் சொற்கள் போதும், வாசித்துக் காட்ட விடமாட்டார்கள்.
- படத்தில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று மனசுக்குள் தமிழில் கேளுங்கள். 'அவருக்கு' என்று வந்தால் உடனே 'லே'.
- 'தூ', 'உஸ்தெத்': நீ, நீங்கள். ஒன்றில் தொடங்கினால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.
- ஒலிப்பதிவு இரண்டு முறை வரும். முதல் முறையில் விடையைப் பூட்டிவிடாதீர்கள்.

பி2வுக்குப் படிக்கத் தொடங்கிவிட்டேன். விருப்பம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவமான சுப்ஹுந்தீவோ எல்லோரையும் போல என்னையும் பயமுறுத்துகிறது. 'கே பெங்கா' என்பதன் எதிரே கொப்பியில் 'வரட்டும்' என்று எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது.