சிவப்பாகாத டெஸ்டுக்குப் புள்ளி இல்லை: யூனிட் டெஸ்டிங் ரிப்பீட் எழுதிய அனுபவம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் யூனிட் டெஸ்டிங் பாடத்தின் ரிப்பீட், அதாவது இரண்டாம் தரம் எழுதிய பரீட்சையின் பெறுபேறு வந்தது. பி பிளஸ். வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையில் நின்றபடி ஃபோனில் பார்த்தேன். வந்த ரயிலை விட்டுவிட்டு அம்மாவுக்குத்தான் முதலில் கோல் எடுத்தேன். போன வருஷம் இதே பாடத்துக்கு எனக்கு 31 புள்ளி. அந்த 31 ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கவே நாலு மாதம் போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பரீட்சையில் லாப் மெஷினில் ஒரு அப்ளிகேஷனின் பைதன் கோட் இருக்கும், அதற்கு யூனிட் டெஸ்ட் எழுத வேண்டும், அதாவது அந்தக் கோடின் சிறு பகுதிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கிற சின்னச் சின்னக் கோட். டெஸ்ட் சரியாகப் போனால் பச்சை, பிழையைக் கண்டால் சிவப்பு.

முதல் முறை கேள்வி, இரவு பஸ் ஸீட் புக்கிங் வெப் அப்ளிகேஷன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ். ஸீட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கட்டணம் கணக்கிட வேண்டும், கார்டில் காசு எடுக்க வேண்டும், டிக்கெட்டைச் சேமித்து எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். வாராவாரம் அதே பஸ்ஸில் போய் வருகிறவன் நான். கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு நடந்தது இது. கார்டில் காசு எடுக்கும் சார்ஜ் என்ற ஃபங்ஷன் பேமென்ட்ஸ் மொடியூலில் (தனி ஒரு கோட் ஃபைல்) இருக்கிறது. புக்கிங்ஸ் மொடியூல் அதை மேலே ஒரு வரியில் இம்போர்ட் செய்து வைத்திருக்கிறது. டெஸ்டில் உண்மையாகக் காசு எடுக்காமலிருக்க, நான் பேமென்ட்ஸில் இருக்கிற சார்ஜைப் பாட்ச் செய்தேன், அதாவது அதன் இடத்தில் ஒரு போலியை வைத்தேன். ஆனால் புக்கிங்ஸ் அந்தப் பெயரைத் தன்னிடம் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டது. அதனால் உண்மையான சார்ஜ்தான் ஓடியது. லாப் மெஷினில் இன்டர்நெட் இல்லை, டெஸ்ட் தொங்கிக்கொண்டே நின்றது. இருபது நிமிஷம் போய்விட்டது. ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே பாட்ச் செய்தால் வேலைக்காகாது. எந்த மொடியூல் அதைக் கூப்பிடுகிறதோ, அந்த மொடியூலில் உள்ள பெயரைத்தான் பாட்ச் செய்ய வேண்டும்.

அந்தப் பதற்றத்தில் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் மொக் ஆக்கினேன், அதாவது நாம் சொல்லிக்கொடுத்த விடையையே திருப்பித் தருகிற போலியாக மாற்றினேன். ஸீட் பார்ப்பது மொக், கட்டணக் கணக்கு மொக், டேட்டாபேஸ் மொக். 14 டெஸ்ட். எல்லாம் பச்சை. கவரேஜ், அதாவது டெஸ்ட்கள் ஓடவைத்த கோட் வரிகளின் பங்கு, 94 வீதம். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

எங்கள் பரீட்சையில் நம் டெஸ்ட்களை, அதே அப்ளிகேஷனின் வேண்டுமென்றே பிழையாக்கிய 8 பிரதிகள் மேல் ஓட்டிப் பார்ப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு வர வேண்டும். அதில் என் டெஸ்ட்கள் பிடித்தது ஒன்றே ஒன்று. மற்ற ஏழிலும் பச்சை. கார்டில் இரண்டு முறை காசு எடுக்கிற பிரதிக்கும் பச்சை. கார்ட் மறுக்கப்பட்ட பிறகும் டிக்கெட் கொடுக்கிற பிரதிக்கும் பச்சை.

வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, "ஒரு கிளாஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மொக் செய்" என்பதுதான். ஸ்லைடில் அப்படியே இருந்தது. அதை நம்பி எழுதியவர்கள் என்னைப் போலவே விழுந்தார்கள். இந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் லேனில் இருக்கிற ஒரு அக்கா சொஃப்ட்வெயார் கம்பனியில் வேலை செய்கிறா. என் விடையைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, கட்டணம் 2500 எண்டு மொக்கிட்ட நீயே சொல்லிக் குடுத்திருக்கிறாய். பிறகு 2500 வருதோ எண்டு நீயே பாக்கிறாய். கோட் இதுக்குள்ள எங்க இருக்கு?"

பிறகு என் கீபோர்டை இழுத்து, புக்கிங்ஸில் காசு எடுக்கிற வரியை கொப்பி பண்ணி அடியில் இன்னொரு முறை ஒட்டினா. டெஸ்ட்களை ஓட்டினா. பச்சை. என் டெஸ்டில் அந்த இடத்தைக் காட்டினா: "கோல்ட் வன்ஸ் வித்" (ஒரே தரம் கூப்பிடப்பட்டதா) என்று எழுதியிருக்கிறேன், முன்னால் சரிபார்க்கச் சொல்கிற "அசேர்ட்" இல்லை. மொக்கிடம் எந்தப் பெயரைக் கேட்டாலும் அது இன்னொரு மொக்கை உருவாக்கித் தரும், ஒன்றையும் சரிபார்க்காது. பைதன் 3.12இலிருந்து இந்தத் தவறுக்கு எரர் வரும். லாப் மெஷினில் இருந்தது அதற்கு முந்தியது. ஆறு எழுத்து விட்டதில் ஒரு வருஷம் போனது.

கார்ட் மறுப்பும் இதே கதைதான். சார்ஜ் மொக்குக்கு ரிட்டர்ன் வெல்யூ, அதாவது திருப்பித் தர வேண்டிய விடை, நான் கொடுக்கவில்லை. கோட் அந்த விடையில் "ஓகே" என்ற அட்ரிபியூட்டை (பண்பை) பார்க்கிறது. அதுவும் ஒரு மொக். இஃபுக்குள் போனால் அது எப்போதும் ட்ரூ. என் டெஸ்ட்களில் ஒருவருடைய கார்ட்கூட மறுக்கப்படவே இல்லை.

அன்றைக்கு ஒரு பழக்கம் பிடித்தேன், இன்று வரை விடவில்லை. டெஸ்ட் எழுதி முடித்ததும் கோடை ஒரு இடத்தில் உடைப்பேன். சிவப்பு வந்தால் கோடைத் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போவேன். வராவிட்டால் அந்த டெஸ்ட் பொய். இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. மற்ற ஆலோசனையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரு டெஸ்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

படித்த நாலு மாதமும் வேலை முடிந்து பொது நூலகத்துக்குப் போவேன், சனிக்கிழமைகளில் முழுநாள். லப்டொப்பை முதலில் திறக்கமாட்டேன். பேப்பரில் பென்சிலால் அப்ளிகேஷனை வரைந்து, நடுவில் ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு உள்ளே நாம் எழுதிய கணக்குகள், விதிகள். வெளியே நெட்வொர்க், கடிகாரம், அடுத்தவருடைய சர்விஸ். கோட்டைத் தாண்டுகிற அம்புக்குறிக்கு மட்டும் மொக். நான் மெதுவாக யோசிக்கிறவன், எனக்கு இது சரிவந்தது. வேகமாக டைப் செய்கிற என் நண்பன் இதைக் கேட்கவில்லை, அவனும் சித்தியடைந்தான். ஆனாலும் பரீட்சையில் முதல் 25 நிமிஷம் கீபோர்டைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

நேரம் விழுங்குகிற இடங்கள், எனக்கு விழுங்கிய வரிசையில்:

- ஒன்றன்மேல் ஒன்றாகப் பாட்ச் டெக்கரேட்டர் (டெஸ்டுக்கு மேலே எழுதுகிற பாட்ச் வரி) போட்டால், கீழே இருப்பதன் மொக்தான் டெஸ்டுக்கு முதல் ஆர்கியுமென்டாக வரும். மாறினால் எஸ்எம்எஸ் மொக்கை சார்ஜ் என்று நினைத்துக்கொண்டு தேடுவீர்கள்.
- ஓட்டோஸ்பெக் போடுங்கள், அது மொக்கை உண்மையான கோடின் வடிவத்துக்குள் வைத்திருக்கும். இல்லாத மெதட்டைக் கூப்பிட்டாலோ ஆர்கியுமென்ட் கூடிக் குறைந்தாலோ உடனே எரர் தரும். இனிட்டுக்குள் (ஒப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுகிற மெதட்) உருவாகிற அட்ரிபியூட்கள் மட்டும் அதற்குத் தெரியாது, அவற்றை நாமே வைக்க வேண்டும்.
- இப்போதைய நேரத்தைத் தருகிற டேட்டைமின் நவ்வை நேரடியாகப் பாட்ச் செய்ய பைதன் விடாது, டைப் எரர் வரும். கூப்பிடுகிற மொடியூலில் உள்ள டேட்டைம் என்ற பெயரையே பாட்ச் செய்து, நவ்வுக்கு ரிட்டர்ன் வெல்யூ கொடுங்கள்.
- ரீட்ரை, அதாவது தோற்றால் மறுபடி முயல்கிற கேள்வி கட்டாயம் வரும். மொக்கின் சைட் எஃபெக்டுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்தால் ஒவ்வொரு தரமும் அடுத்தது வரும்: முதலில் டைம்அவுட் எக்செப்ஷன், பிறகு நல்ல விடை. லிஸ்ட் தீர்ந்த பிறகும் கூப்பிட்டால் ஸ்டொப் இட்டரேஷன் வரும், பயப்படாதீர்கள்.
- டேட்டாபேஸை மொக் செய்யாதீர்கள். பைதன் டிக்ஷனரி ஒன்றை உள்ளே வைத்து ஒரு ஃபேக், அதாவது உண்மையாகவே சேமித்துத் தருகிற எளிய மாற்று, எழுதுங்கள். 12 வரிதான் வரும்.

அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸை மொக் செய்தால் "சேவ் ஒரு தரம் கூப்பிடப்பட்டதா" என்றுதான் கேட்க முடியும். ஃபேக் வைத்தால் "புக் பண்ணின பிறகு 14ஆம் ஸீட் இன்னும் காலியாக இருக்கிறதா" என்று கேட்கலாம். நடத்தை மாறாமல் கோடை மட்டும் மாற்றி எழுதிய பிரதி ஒன்றின் மேலும் நம் டெஸ்ட்களை ஓட்டுவார்கள், அதில் எல்லாம் பச்சையாகவே இருக்க வேண்டும். அதில் சேவ் என்பதை சேவ் ஓல் ஆக்கியிருந்தால் மொக் டெஸ்ட் எல்லாம் காரணமில்லாமல் விழும். இரண்டு மெதட்டும் இருக்கிற ஃபேக் அசையாது. போன வருஷம் அதிலும் எனக்குப் பூச்சியம்.

இரண்டாம் முறை கேள்வி ஓன்லைன் கிளினிக் அப்போயின்ட்மென்ட். மொக் மூன்றே மூன்று: பேமென்ட், எஸ்எம்எஸ், கடிகாரம். மற்றதெல்லாம் உண்மையான கோட். மொத்தம் 9 டெஸ்ட், ஒவ்வொன்றையும் சிவப்பில் பார்த்தேன். 24 மணித்தியாலத்துக்கு முன் ரத்துச் செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்று ஒரு விதி. சரியாக 24க்கு ஒரு டெஸ்ட், ஒரு நிமிஷம் குறைவுக்கு இன்னொன்று. "பெரிது அல்லது சமம்" என்பதை "பெரிது" ஆக்கினேன். முதலாவது சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் கை நடுக்கம் நின்றது.

வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், மிஸ் கேட்டது: "எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் கூப்பிடப்பட்டதா என்று பார்க்கிறீர்கள், கட்டணத்துக்கு ஏன் பார்க்கவில்லை?" கட்டணத்துக்கு விடை இருக்கிறது, விடையைப் பார்த்தால் போதும். எஸ்எம்எஸ் ஒன்றையும் திருப்பித் தராது, அனுப்புவதுதான் அதன் வேலை, அதனால் அனுப்பியதா என்று மட்டும்தான் கேட்க முடியும் என்றேன். தலையாட்டினா. ஸ்டப், மொக், ஃபேக், ஸ்பை, டம்மி என்ற ஐந்து வகைப் போலிகளையும் உங்கள் கோடிலிருந்தே உதாரணம் காட்டிச் சொல்லப் பழகுங்கள், வரைவிலக்கணம் பாடமாக்கிப் பிரயோசனமில்லை.

இந்த முறை 8இல் 7ஐப் பிடித்தேன். தப்பிய ஒன்று: பணம் எடுத்தாயிற்று, அப்போயின்ட்மென்டும் சேமித்தாயிற்று, எஸ்எம்எஸ் சர்விஸ் எக்செப்ஷன் எறிகிறது. அப்போதும் அப்போயின்ட்மென்ட் நிலைக்க வேண்டும். அந்தப் பிரதியில் அது அழிந்துபோனது. என் எஸ்எம்எஸ் மொக் ஒன்பது டெஸ்டிலும் ஒழுங்காக வேலை செய்தது, அதை ஒரு தரம்கூட நான் விழுத்திப் பார்க்கவில்லை. ஓகஸ்டில் எழுதப்போகிறவர்கள் அந்த டெஸ்டையே முதலாவதாக எழுதுங்கள்.