மூச்சை எண்ணும் சிறை

மூன்று வருடமாக ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். செவ்வாயைச் சுற்றும் சின்னத் துணைக்கோளான போபோஸில் ஒரு சிறை. அங்கிருந்து இரண்டு கைதிகள் தப்பிக்க வேண்டும். முதல் வரைவில் அந்தக் கட்டத்தை நான்கு பக்கத்தில் முடித்திருந்தேன். காவலர்கள் அசந்த நேரம் பார்த்து ஒரு கதவைத் திறந்து வெளியே போய்விடுவார்கள். மனைவி படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, ராத்திரி ஆளை எண்ண மாட்டாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. நான்கு பக்கத்தையும் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து எட்டு மாதம் அந்தக் கேள்விக்குத்தான் வேலை செய்திருக்கிறேன். அதில் என்னென்ன கிடைத்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். போபோஸின் குறுக்களவு ஏறக்குறைய 22 கிலோமீட்டர்தான். ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நொடிக்கு 11 மீட்டர், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் இருந்தால் போதும், எதுவும் அங்கிருந்து கிளம்பிப் போய்விடும். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன் எறிகிற பந்து அங்கே திரும்பி வராது. மனிதன் குதித்தே தப்ப முடியுமா என்றால், முடியாது. பூமியில் இரண்டு மாடி உயரம் எம்பக்கூடியவனுக்குத்தான் அந்த வேகம் வரும். சரி, ஒரு ஸ்பிரிங் பலகை செய்துகொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சிக்கல் அதற்கு அப்புறம்தான். போபோஸ் நொடிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், 7 மணி 39 நிமிடத்துக்கு ஒருமுறை செவ்வாயைச் சுற்றுகிறது. அதிலிருந்து குதித்தவனும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் அதே பாதையில்தான் சுற்றுவான். மதிலைத் தாண்டியும் சிறையோடு கூடவே போய்க்கொண்டிருப்பான். உடையில் ஆக்ஸிஜன் தீரும்போதுகூட சிறையின் ராடாருக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருப்பான்.

ஆக, சுவர் அங்கே பிரச்சினையே இல்லை. ஒரு விண்கப்பலில் ஏற வேண்டும். அதைவிட முக்கியம், தாங்கள் ஏறிவிட்டது யாருக்கும் தெரியாமல் சில மணி நேரம் கடக்க வேண்டும். மனைவி கேட்டதும் அதைத்தான்.

பூமியில் இந்தக் கேள்விக்கு மிக நல்ல பதில் சொன்னவர்கள் அமெரிக்காவின் அல்கட்ராஸ் தீவுச் சிறைக் கைதிகள். 1962 ஜூன் 11 இரவு, சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் நடுவில் இருக்கும் அந்தத் தீவிலிருந்து ஃபிராங்க் மாரிஸும் ஜான், கிளாரன்ஸ் ஆங்லின் என்ற சகோதரர்களும் போனார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மழைக்கோட்டுகளை ஒட்டித் தைத்து மிதவை செய்தார்கள். அதில் காற்றடைக்க துருத்தி மாதிரி மடிந்து விரியும் ஓர் இசைக்கருவியை மாற்றி அமைத்துக்கொண்டார்கள். எல்லாம் பிரமிப்புதான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் அவர்கள் படுக்கை. மூன்று பொம்மைத் தலைகள். அவற்றில் சிறை முடிதிருத்தகத்தில் பொறுக்கிய நிஜமான மனித முடி. இரவில் எண்ண வந்த காவலர்கள் அந்தத் தலைகளைத்தான் எண்ணிக்கொண்டு போனார்கள். காலை எண்ணிக்கையில்தான் விஷயம் வெளியே வந்தது. காவலன் எதைப் பார்த்து எண்ணுகிறான் என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். போர்வைக்கு வெளியே தெரியும் தலை, தலையில் முடி. அதை மட்டும் கொடுத்தார்கள்.

அப்படியானால் போபோஸ் காவலன் எதைப் பார்த்து எண்ணுவான்?

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓ.எம்.ஆர். சாலையில் ஓர் ஐ.டி. வளாகத்தில் ஏ.சி. பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பி.எம்.எஸ். என்கிற கட்டடக் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு தளத்தின் வெப்பநிலை, ஈரப்பதம், கார்பன் டை ஆக்ஸைடு அளவு எல்லாவற்றையும் திரையில் பார்ப்பேன். அறையில் ஆள் கூடினால் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும், சென்சார் சொல்லும், வெளிக்காற்று டேம்பர் திறக்கும். ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை கோடு 420, 430 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று தரையோடு தரையாகக் கிடக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த இரவு நான் டியூட்டியில் மாட்டிக்கொண்டேன். கட்டடமே காலி. ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி ஒரு மணி இருக்கும், நான்காம் தளத்தில் ஒரு மீட்டிங் அறையின் கோடு மட்டும் மெல்ல ஏறியது. 500, 600, 700. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவரும் அவர் மகளும் மேசைக்கு அடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். விளக்கைப் போடாமல், சத்தம் காட்டாமல் படுத்திருந்தார்கள். மூச்சு மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டது. டீ போட்டுக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். லாக் புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை.

அந்த இரவு நினைவுக்கு வந்ததும் என் சிறைக்கு உயிர் வந்துவிட்டது. ஈர்ப்பு இல்லாத இடத்தில் வெளிவிட்ட மூச்சு மேலே போகாது, முகத்தைச் சுற்றியே தேங்கும். அதனால்தான் விண்வெளி நிலையங்களில் தூங்கும் இடத்தில் கட்டாயம் காற்றோட்டம் வைக்கிறார்கள். போபோஸிலும் ஒவ்வொரு படுக்கை அறைக்கும் ஒரு விசிறி வேண்டும், விசிறி இருந்தால் சென்சாரும் இருக்கும். கைதி மூச்சுமுட்டிச் சாகாமல் இருக்க வைத்த கருவியே எண்ணிக்கைப் புத்தகமும் ஆகிவிடுகிறது. பொம்மைத் தலை அங்கே செல்லாது. பொம்மை மூச்சுவிட வேண்டும்.

கணக்குப் போட்டேன். மனிதன் ஒரு நாளில் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்ஸைடு விடுகிறான். தூங்கும்போது குறைவு, மணிக்கு 24 கிராம் என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரத்துக்கு 190 கிராம் சொச்சம். அதை எங்கே போய் எடுப்பது?

எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தது. மறுநாள் இட்லிக்கு ஆட்டி வைத்த மாவு பொங்கி, தூக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. மாவைப் பொங்க வைப்பது கார்பன் டை ஆக்ஸைடுதான். ஆனால் இட்லி மாவில் வருவது போதாது. சர்க்கரையும் ரொட்டி ஈஸ்ட்டும் என்றால் கணக்கு சரியாக வருகிறது. 400 கிராம் சர்க்கரை, நிறைய ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு மனிதனின் ஓர் இரவு மூச்சு அவ்வளவுதான்.

நம்பிக்கை வராமல் வீட்டு ஸ்டோர் ரூமில் செய்து பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கேனில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்து, ஈஸ்ட் போட்டு, பக்கத்தில் கையடக்க மீட்டரை வைத்துக் கதவைச் சாத்தினேன். 450-இல் இருந்தது ஒரு மணி நேரத்தில் 600-ஐத் தாண்டிவிட்டது. ஆளில்லாத அறையில் ஓர் ஆள் இருக்கிற மாதிரி கோடு ஏறுவதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. கொஞ்ச நேரத்தில் கோடு சோம்பியது. கேனை எடுத்துக் குலுக்கினேன், மறுபடி ஏறியது.

அந்தக் குலுக்கல்தான் கதையையே மாற்றியது. பூமியில் வாயுக்குமிழி தானாக மேலே வந்து உடையும். போபோஸில் ஈர்ப்பு இவ்வளவு குறைவு என்பதால் குமிழிகள் கரைசலுக்குள்ளேயே தங்கிவிடும். பையை யாராவது அமுக்கிப் பிசைந்து வாயுவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். துருத்தி மாதிரி. அதாவது, ஒருவர் தப்பிக்கக் கூடாது.

இது தெரிந்ததும் அல்கட்ராஸை மறுபடி படித்தேன். அங்கே நான்காவதாக ஒருவர் இருந்தார், ஆலன் வெஸ்ட். திட்டத்தில் முழுப் பங்கு அவருக்கும் உண்டு. அன்றிரவு தன் அறையின் வென்ட் துவாரத்தை நேரத்துக்குள் பெரிதாக்க முடியவில்லை. ஒருவழியாக வெளியே வந்தபோது மற்ற மூவரும் போயிருந்தார்கள். திரும்பி வந்து தன் கட்டிலில் படுத்துக்கொண்டார். அந்தத் தப்பித்தலைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி அவர் விசாரணையில் சொன்னதுதான்.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா சிறையில் நடந்தது வேறு மாதிரி. நிறவெறி ஆட்சிக்கு எதிராகப் போராடி உள்ளே போனவர்கள் டிம் ஜென்கின், ஸ்டீஃபன் லீ, அலெக்ஸ் மூம்பாரிஸ். காவலர் இடுப்பில் தொங்கும் சாவியைக் கண்ணால் அளந்து, சிறைப் பட்டறை மரத்திலேயே சாவி செய்தார்கள். மாதக்கணக்கில் இரவில் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்து, மறுபடி பூட்டிவிட்டு வந்து படுத்தார்கள். 1979 டிசம்பர் 11 அன்று பத்துக் கதவுகளைக் கடந்து வெளியேறினார்கள். அந்தத் திட்டத்தில் உதவிய டெனிஸ் கோல்ட்பெர்க் ஆயுள் கைதி. அவர் போகவில்லை. அவர்கள் இறங்கிப் போகும் நேரத்தில் இரவுக் காவலரின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். 1985-இல்தான் விடுதலையானார், மொத்தம் 22 வருடம்.

வெஸ்ட் தங்கிப்போனவர், கோல்ட்பெர்க் தங்கியவர். தப்பிக்கும் கதைகளில் நான் இத்தனை காலம் போனவர்களின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கதையில் தங்குகிறவள் பெயர் முத்தழகி. வயது 58. முதல் வரைவில் அவளுக்கு மூன்று வரிதான் வசனம். இப்போது அவள்தான் கதை. இரண்டு பக்கத்து அறைகளுக்கும் தடுப்பு வழியாக டிரிப்ஸ் டியூப் போகிறது. அவள் போர்வைக்குள் இடது கையடியில் ஒரு பை, வலது கையடியில் ஒரு பை. மூன்று பேரும் தினம் பத்துப் பத்துக் கிராம் டீ சர்க்கரையை மிச்சம் பிடித்து 800 கிராம் சேர்க்க 27 நாள் ஆகிறது. சர்க்கரையில்லாத டீ குடிக்கும் மூவரைக் கவனிக்க ஒரு சமையற்காரர் போதும். அந்த 27 நாளை விரிவாக எழுதியிருக்கிறேன்.

கப்பலின் எடைக்கணக்கு இன்னொரு தலைவலி. இரண்டு பேர் ஏறினால் 130 கிலோ கூடும், என்ஜின் அதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற ஜெர்மன் போர்க்கைதி முகாமில் சுரங்கம் தோண்டியவர்கள் மஞ்சள் மணலைக் கால்சட்டைக்குள் பைகளில் கட்டி எடுத்துப்போய், நடந்தபடியே தோட்டத்தில் உதிர்த்து மிதித்தார்கள். என் கைதிகள் அந்தக் கப்பலில் திரும்பிப் போகும் குப்பை மூட்டைகளின் ஈரத்தைப் பிழிந்து எடுக்கிறார்கள். மூட்டைகளின் எண்ணிக்கை மாறாது, எடை குறையும். பிழிந்த நீர் சிறையின் நீர்ச்சுழற்சிக்கே போய்விடும். தண்ணீர் கூடுதலாக வந்தால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

காவலன் செல்வின். அவனுக்கு என் வேலையைக் கொடுத்திருக்கிறேன். அவன் அசமந்தமாக இருந்தால் முத்தழகியின் கைவலிக்கு மதிப்பே இல்லை. அதனால் அவன் கோடுகளை என்னைவிட நன்றாகப் படிக்கிறவன். கப்பல் ஒரு மணிக்குக் கிளம்புகிறது, ஐந்து மணிக்குப் பெரிய கப்பலோடு சேர்கிறது. 4:10-க்கு அவள் இரண்டு கையும் மரத்துப்போய் ஒரு நிமிடம் நிற்கும். இரண்டு கோடும் ஒரே நேரத்தில் சாயும். தூங்கும் இரண்டு பேர் ஒன்றுபோல மூச்சை நிறுத்துவதில்லை என்று செல்வினுக்குத் தெரியும்.

அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. நேற்று இரவு, கதையில் மூன்று மணி வரை எழுதியிருக்கிறேன். அவள் அமுக்கிக்கொண்டிருக்கிறாள்.