மயில்துத்தம் கலந்த பசை

இன்று பையனின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு மைதா பசை காய்ச்சினேன். அந்த வாசனை வந்ததும் சாத்தூர் வீட்டுத் திண்ணைக்கே போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் தீப்பெட்டி ஒட்டினோம். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் கண் சொக்கிக்கொண்டிருக்கும், கை மட்டும் அதுபாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பசையில் மயில்துத்தம் என்ற நீல நிற விஷ உப்பைக் கலந்திருப்பார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. "ஒங்கள மாதிரிப் பிள்ளைகளும் திங்கக்கூடாதுன்னுதான்" என்பாள் ஆச்சி, சிரித்துக்கொண்டே. ஒருநாள் பசி தாங்காமல் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். தகரத்தை நக்கின மாதிரி இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

மத்தியானம் சத்துணவு உண்டு, அதனால் பட்டினி என்று பெரிதாகச் சொல்லிவிட முடியாது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். தங்கச்சி அப்போது பள்ளிக்கூடம் சேரவில்லை. அவளுக்காகச் சட்டைப் பையில் மறைத்து எடுத்துவருவேன். வீடு சேர்வதற்குள் நசுங்கியிருக்கும். (சரி, பாதியை வழியிலேயே நான் தின்றதும் உண்டு.) அவள் மஞ்சள் கருவை மட்டும் தனியாக எடுத்து, உதிர உதிர, கடைசிவரை உள்ளங்கையிலேயே வைத்திருப்பாள்.

பையன் பசையை மோந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.