கூத்து இரவுக்கு ஒரு லென்ஸ்

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

காலை ஆறரைக்குத்தான் வீடு திரும்பினேன். செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழா. ராத்திரி பத்தரைக்குத் தொடங்கிய கூத்து, கிழக்கு வெளுத்த பிறகுதான் முடிந்தது. மத்தியானம் எழுந்து கார்டைக் கணினியில் போட்டேன். 412 படங்கள். தேறியவை 9.

கர்ணன் வரும் இடம்தான் மனதை அறுக்கிறது. இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்கிறார்கள். பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் வருகிறது. முதலில் கிரீடத்தின் நுனி தெரிகிறது, அப்புறம் திரைக்கு மேலே இரண்டு கண்கள். திரை விலகியதும் ஒரே சுழற்சி. தோளில் கட்டும் புஜகீர்த்தியில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வெளிச்சத்தை நாலா பக்கமும் வாரி இறைத்தன. என் படத்தில் இருப்பதோ பழுப்பு நிறத்தில் ஒரு கலங்கல்.

கையில் இருப்பது சோனி ஏ6000. கூடவே வந்த 16-50 மிமீ, 55-210 மிமீ என்று இரண்டு ஜூம். மிமீ எண் கூடக் கூடக் காட்சி குறுகி, ஆள் பக்கத்தில் தெரிவார். கேமராவும் 16-50ம் சேர்ந்தே 460 கிராம்தான் வரும். அதனால்தான் எங்கே போனாலும் தோளில் தொங்குகிறது. ஆனால் 50 மிமீயில் அந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத்தான் லென்ஸின் வாய் அகலும். நேற்று ஷட்டர் திறந்திருந்தது 1/50 நொடி, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 6400. அதற்கு மேல் ஐஎஸ்ஓவை ஏற்றினால் அரிதாரம் மணல் மணலாகிவிடுகிறது, ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படம் இருண்டுவிடுகிறது. ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனம் வராது. ஊரே இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் கூத்து அது.

இந்த வருடம் ஒரு லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். ஒன்றே ஒன்று. பழையது என்றாலும் சரி, 25,000 ரூபாய்க்குள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சாப்பிட்டதும் காகிதத்தில் கணக்குப் போட்டேன். எஃப் எண் பாதியானால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கு மடங்கு. 5.6இலிருந்து 2.8க்கு வந்தால் 4 மடங்கு, 1.8க்கு வந்தால் கிட்டத்தட்ட 10 மடங்கு, 1.4க்கு வந்தால் 16 மடங்கு.

மனதில் இருப்பவை: சிக்மா 30 எஃப் 1.4, சிக்மா 56 எஃப் 1.4, சோனி 35 எஃப் 1.8. சென்னையில் இருக்கும் நண்பன் சிக்மா 18-50 எஃப் 2.8ஐ வாங்கச் சொல்கிறான். 290 கிராமில் எல்லாத் தூரத்துக்கும் ஒரே லென்ஸ், நல்ல சாமான்தான். ஆனால் என்னிடம் இல்லாதது தூரம் இல்லை, வெளிச்சம். 4 மடங்குக்காக இவ்வளவு பணத்தைப் போட முடியாது.

சோனி 35இல் கை நடுக்கத்தைத் தாங்கும் ஓஎஸ்எஸ் உண்டு. ஏ6000இன் உடம்பில் அந்த வசதி கிடையாது என்பதால் முதலில் ஆசை அந்தப் பக்கம்தான் போனது. அப்புறம் கர்ணன் சுழன்றது நினைவுக்கு வந்தது. என் கை ஆடாமல் இருந்து என்ன பயன், ஆடுகிறவர் ஆடிக்கொண்டே இருக்கிறாரே. கோயில் தூணையும் சிலையையும் எடுப்பவருக்கு அந்த 35 அருமையான லென்ஸ். எனக்கு வேண்டாம்.

ஆக, 30ஆ 56ஆ?

ஏப்ரல் 27, ஞாயிறு

மூன்று வருடப் படங்களை லைட்ரூம் மென்பொருளில் மிமீ வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 16இல் ஒரு குவியல், 50இல் ஒரு குவியல், நடுவில் கொஞ்சம். முதலில் குழம்பிப்போனேன். பிறகுதான் புரிந்தது: கேமராவோடு வந்த இந்த 16-50 கிட் லென்ஸ் ஒவ்வொரு முறை கேமராவை அணைத்துப் போடும்போதும் 16க்கே திரும்பிவிடும். அவசரத்தில் அப்படியே எடுத்தவை ஒரு பக்கம். அதற்கு மேல் போக முடியாமல் 50இல் முட்டி நின்றவை மறுபக்கம். இரண்டுமே லென்ஸின் எல்லைகள், என் கண்ணுக்கு அதில் பங்கில்லை.

அதனால் பிரிண்ட் போட்ட படங்களை மட்டும் தனியாக எண்ணினேன். 61இல் 38 படங்கள் 26க்கும் 36க்கும் நடுவில்.

மே 3, சனி

வாரம் முழுக்க ஜூமை 30இலேயே வைத்து எடுத்தேன். கேமரா விழிக்கும்போதெல்லாம் 16இலிருந்து தள்ளித் தள்ளி 30க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அம்மா அடுப்படியில் வெங்காயம் உரிக்கிறாள், பக்கத்து வீட்டுப் பாப்பா எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் சௌகரியமாக அடங்குகின்றன. ஆனால் பகல் வெளிச்சத்தில் எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான். அடுத்த கூத்தில் பார்த்தால்தான் தெரியும்.

மே 11, ஞாயிறு

சென்னைக்குப் போய் 30ஐயும் 56ஐயும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து வந்து, நேற்று ராத்திரி முழுக்கக் கூத்தில் இருந்தேன். இன்னும் தூங்கவில்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கே போய்விட்டேன். பள்ளிக்கூட வராந்தாவில் வேட்டியை மறைப்பாகக் கட்டி உள்ளே வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரே ஒரு பல்பு. கூத்து வாத்தியார் சம்மணமிட்டு, இடது கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, வலது கையில் குச்சி. கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் விழுந்த வெளிச்சம் திரும்பி அவர் தாடையில் சின்ன வட்டமாக நின்றது. கை அசையும்போது அந்த வட்டமும் அசைந்தது.

முதலில் 56ஐப் போட்டேன். இது குறைந்தது அரை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லும், அது பிரச்சினை இல்லை. ஆனால் முதுகு சுவரில் முட்டியும் எனக்குக் கிடைத்தது முகம் மட்டும். கண்ணாடி வெளியே, குச்சி பிடித்த கை வெளியே. 30ஐ மாற்றியதும் முகம், கை, கண்ணாடி, தரையில் அடுத்த வேஷத்துக்காகக் காத்திருந்த கிரீடம், எல்லாம் உள்ளே வந்தன.

அந்த நேரம் வாத்தியார், "தம்பி, அந்த லைட்டு கண்ணக் குத்துதுப்பா" என்றார். ஃபோகஸுக்காகக் கேமரா அடிக்கும் ஆரஞ்சு விளக்கு! போன மாதமெல்லாம் அது அவர் கண்ணில்தான் விழுந்திருக்கிறது. "மன்னிச்சுக்கங்க வாத்தியாரே" என்று சொல்லி உடனே மெனுவில் அணைத்தேன். கிட் லென்ஸ் என்றால் அந்த இருட்டில் விளக்கு இல்லாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்திருக்கும். 1.4இல் சிக்கென்று பிடித்தது. இதை நான் கணக்குப் போட்ட காகிதத்தில் எழுதியிருக்கவே இல்லை.

கூத்து தொடங்கியதும் 56ஐப் போட்டேன். அழகு, மறுக்கவே முடியாது. தீபத்தட்டின் பக்கம் திரௌபதி திரும்பிய படத்தில் பின்னால் இருந்த டியூப் லைட்டெல்லாம் கரைந்து போயிருந்தன. ஆனால் இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.4 என்றால் கூர்மை ஏழு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் நிற்கும். கண் தெளிவாக இருந்தால் முன்னால் நீட்டிய கை மங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய சங்கடம் கால். கூத்தில் பாதி காலில்தான் இருக்கிறது. கிரீடத்திலிருந்து சலங்கை வரை ஒரே படத்தில் வேண்டுமென்றால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் 56க்கு ஐந்து மீட்டர் பின்னால் போக வேண்டும். அங்கே பாய் விரித்துக் கிழவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் பேரப் பிள்ளைகள் தூங்குகின்றன. அவர்களை மறைத்துக்கொண்டு நான் நிற்க முடியாது. 30க்கு மூன்று மீட்டர் போதும். முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்தபடியே எடுத்தேன்.

ஷட்டரில் ஒன்று கற்றேன். வெளிச்சம் நிறைய வருகிறதே என்று 1/250 வைத்தால், எல்இடி விளக்கின் கீழே படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழுந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு நொடிக்கு நூறு தரம் கூடிக் குறைகிறது. 1/100க்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது. 1/100, எஃப் 1.4, ஐஎஸ்ஓ 800. போன மாதம் 1/50க்கே 6400 கேட்ட அதே மாதிரி வெளிச்சம். கர்ணன் சுழலும்போது பாவாடையின் விளிம்பு இழுபட்டு, முகம் நின்றது. எனக்கு அப்படித்தான் வேண்டும்.

மே 13, செவ்வாய்

30தான். 265 கிராம், பைக்குள் கிட் லென்ஸுக்குப் பக்கத்திலேயே அடங்கிவிடும். 56 எடுத்த திரௌபதி படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அந்த ஆசை போகவில்லை. அது அடுத்த வருடம்.

மே 18, ஞாயிறு

பழைய லென்ஸ் ஒன்றைப் பார்க்க ஒரு கடைக்குப் போனேன். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். லென்ஸின் வாயான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போல மூன்று நான்கு கிளைகள். பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸுக்கு வருவது. "அது படத்துல தெரியாது சார்" என்றார் கடைக்காரர். தெரியாமல் இருக்கலாம், ஆனால் வளரும், முன்னால் விளக்கு வந்தால் படம் வெளிறும். கூத்தில் எனக்கு எப்போதும் முன்னால் விளக்குதான். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வேலூரில் கல்யாணப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் சுத்தமான ஒன்று கிடைத்தது. 19,000. "இதுல எத்தன தாலி கட்ட எடுத்திருக்கேன் தெரியுமா தம்பி" என்று சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தேன்.

மே 31, சனி

வராந்தாவில் எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாத்தியாரிடம் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, வெகு நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். பிறகு காதுக்குக் கீழே விரலை வைத்தார். பூச்சு சேராமல் தோல் தெரிந்த இடம், அரை அங்குலம் இருக்கும்.

"இத்தன வருஷமா இந்த எடத்த நான் பாத்ததே இல்லப்பா, கண்ணாடிக்கு எட்டாது" என்றார். உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டார். பையன் இந்த வருடம்தான் கட்டை வேஷம், அதாவது கிரீடமும் புஜகீர்த்தியும் வைத்த பெரிய வேஷம், கட்ட ஆரம்பித்திருக்கிறான். அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, காதுக்குக் கீழே அதே இடத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.