பன்னிரண்டே முக்கால் வெயில்

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம், மார்ச் நடுவில் நடந்தது இது. ஏற்காட்டில் ஒரு ஏடிஎம்முக்கு வீசாட், அதாவது செயற்கைக்கோள் வழி இணைப்பு கொடுத்திருந்தோம், மொட்டை மாடியில் ஒரு டிஷ், கீழே ஒரு மோடம், அவ்வளவுதான். மதியம் பன்னிரண்டே முக்கால் வாக்கில் லிங்க் போகும், சில நிமிஷத்தில் தானாக வந்துவிடும். புகார் வந்து, நான் சேலத்திலிருந்து பைக்கில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்தால் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். மானேஜர் ஒரு பார்வை பார்ப்பார், நான் டிஷ்ஷை ஒரு பார்வை பார்ப்பேன்.

இரண்டாம் நாள் எல்என்பியை, அதாவது டிஷ் முன்னால் இருந்து சிக்னலை வாங்கிப் பெருக்கும் சின்னப் பெட்டியை, மாற்றினேன். மாற்றி முடித்தபோது லிங்க் வந்தது, 'எல்என்பி பழுது' என்று ரிப்போர்ட்டும் எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் அதே நேரத்துக்கு மறுபடி போனது. கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று கேபிள் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டேன். நாலாம் நாள் பதினோரு மணிக்கே மாடியில் போய் உட்கார்ந்துகொண்டு சீனியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் எங்களோடு சேருவதற்கு முன் பல வருஷம் அந்தமானில் இதே வேலை பார்த்தவர்.

"எத்தனை மணிக்குப் போகுது?"

"பன்னண்டே முக்காலுக்குண்ணே. தினமும்."

"வெயில் எப்படி?"

"சுள்ளுனு அடிக்குதுண்ணே."

"கேபிளை விடு தம்பி. முக்காலுக்கு ஃபீடு மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். டிஷ்ஷில் பட்ட வெயில் மொத்தமும், டிஷ் முன்னால் சிக்னலை வாங்க நீட்டிக்கொண்டிருக்கும் ஃபீடு மேல் பளிச்சென்று குவிந்து நின்றது, மோடத்தில் விளக்கு அணைந்தது. சூரியன் நகர்ந்ததும் எரிந்தது.

எங்கள் டிஷ் பார்த்தது 74 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் செயற்கைக்கோளை. சேலத்திலிருந்து பார்த்தால் அது தெற்கே, கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து, ஏறக்குறைய எழுபத்தைந்து டிகிரி உயரத்தில் இருக்கும் (அதனால்தான் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலும் எங்களால் டிஷ் வைக்க முடிகிறது). மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் சூரியன் சரியாக அதற்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியன் வெளிச்சத்தோடு ரேடியோ இரைச்சலையும் கொட்டுகிறது, 36 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் சிக்னல் அதில் மூழ்கிவிடும். இதைப் பாடத்தில் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன், மாடியில் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அண்ணன் திட்டவில்லை. "உனக்கு ஒரு ஏடிஎம் போச்சு. அங்க எங்களுக்கு ஊரே போகும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு முன் தீவு இணையம் என்றால் எனக்கு ஏதோ ஸ்பீடு கம்மி, அவ்வளவுதான். சேலத்தில் வீசாட் பெரும்பாலும் ஒரு மாற்று வழி. ஃபைபர் அறுந்தால், ரோடு தோண்டினால், மலையில் டவர் படுத்தால் கைகொடுக்கும். அந்தமானில் 2020 ஆகஸ்ட் வரை வெளியுலகத்துக்குப் போக செயற்கைக்கோள்தான் வழி. வங்கி, ஆஸ்பத்திரி, காலேஜ் அப்ளிகேஷன், விமான டிக்கெட் எல்லாம் அந்த ஒரே குழாயில்தான் போகவேண்டும். அந்த மாதம் 10ஆம் தேதிதான் சென்னையிலிருந்து சுமார் 2300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போர்ட் பிளேருக்கும் (இப்போது ஸ்ரீ விஜய புரம்) வேறு சில தீவுகளுக்கும் திறக்கப்பட்டது. லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து கேபிள் திறந்தது 2024 ஜனவரியில்.

தீவுக்குக் கேபிள் வந்துவிட்டதே, இனி டிஷ் எதற்கு என்று எங்கள் ஆபீஸிலேயே கேட்டவர்கள் உண்டு. எனக்கு அது அபத்தமாகத்தான் பட்டது. கேபிள் கரையேறுவது சில தீவுகளில்தான், அதுவும் அறுந்தால் கப்பல் போய் எடுத்து ஒட்டவேண்டும். 2024 நவம்பரில் ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் மேலே போனபோது நான் ஆசையாகப் பார்த்தேன். 4700 கிலோ, நம்முடைய எல்விஎம்-3 ராக்கெட் தூக்கும் அளவைத் தாண்டியதால் அமெரிக்காவிலிருந்து ஃபால்கன்-9 ராக்கெட்டில் ஏறியது. மொத்தம் நொடிக்கு 48 ஜிகாபிட், 32 பீம்கள். அதில் எட்டு குறுகலானவை வடகிழக்குக்கு, மீதி 24 அந்தமான், லட்சத்தீவு உட்பட நாட்டின் மற்ற பகுதிக்கு.

பீம் என்றால் என்ன என்று புதுப் பையன்கள் கேட்டால் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவைச் சொல்வேன். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரே பெரிய குழாய் ஸ்பீக்கர் கட்டினால் எல்லாருக்கும் ஒரே பாட்டு, வேறு யாரும் பாட்டுப் போட முடியாது. தெருவுக்கு ஒரு சின்ன பாக்ஸ் வைத்தால் நாலு தெரு தள்ளி வேறு பாட்டு ஓடும், இரண்டும் இடித்துக்கொள்ளாது. அதே அலைவரிசையைத் தள்ளித் தள்ளி மறுபடி மறுபடி பயன்படுத்துவதால்தான் இத்தனை கொள்ளளவு. ஆனால் இது கா பேண்ட் என்கிற உயர்ந்த அலைவரிசை, மழை என்றால் எங்கள் டிஷ்ஷின் கு பேண்டைவிட இன்னும் சிணுங்கும். ஏப்ரல், மே சாயங்காலம் சேர்வராயனில் இடியோடு ஒரு மழை அடித்தாலே எங்களுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும், அந்தமானில் வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. மழை வலுத்தால் மோடம் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு லிங்க்கைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். வேகம் குறைந்ததற்குத் திட்டு வாங்கலாம், லிங்க் போனதற்கு வாங்குவதைவிட அது பரவாயில்லை.

செயற்கைக்கோள் எத்தனை பெரிதானாலும் தூரம் குறையாது. பேச்சு மேலே போய்க் கீழே வர கால் நொடி, பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. ஏடிஎம்முக்கு இது தெரியாது, மனுஷனுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று அதுவும் மோதிக்கொள்ளும்.

நான் அன்று கழற்றிய எல்என்பி இன்னும் என் டூல் பையில்தான் கிடக்கிறது, அதில் ஒரு கோளாறும் இல்லை. அண்ணன் ரிட்டயர் ஆகி அம்மாபேட்டையில் இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனேன். நேரில், ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசினாலும் நான் பேசி முடித்ததும் கொஞ்சம் நிறுத்தி, நான் வேறு ஏதும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்கிறார். "இவர் எப்பவும் இப்படித்தான், காது கேக்கலையோன்னு நெனச்சுக்காத" என்று அண்ணி காபியோடு வந்தார்.